சால்மன் குஞ்சு கடலில் பிழைத்ததா? முதல் கணக்குப் போடுகிறவர்களுக்கு

2001-ஆம் வருடம் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றுப் படுகை முழுக்கக் கடும் வறட்சி. அதே வருடம் வசந்தத்தில் பான்வில் அணையைத் தாண்டி ஏறிய சினூக் சால்மன் ஏறத்தாழ 4 லட்சம். 1938-இல் அங்கே மீன் எண்ணத் தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டிராத கூட்டம். நான் இரண்டையும் ஒரே படத்தில் போட்டேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சால்மன் பெருகும் என்று பொருள்வரும்படி ஒரு கோட்டையும் இழுத்து, வகுப்பில் பெருமையாகக் காட்டினேன். பின்வரிசையில் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த மீன் எந்த வருடம் கடலுக்குப் போனது?”

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன். பதில் தெரியவில்லை. ஏழு வார வேலை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

கடலின் நிலைக்கும் சால்மன் குஞ்சு பிழைப்பதற்கும் என்ன தொடர்பு என்ற இந்தக் கணக்கில் முதன்முறை இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரிகன், வாஷிங்டன் பக்கம் மேற்படிப்புக்கு வந்தவர்களுக்கு மட்டுமல்ல; தரவு எல்லாம் திறந்து கிடப்பதால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி விடுதியில் உட்கார்ந்தபடியும் செய்யலாம். கையில் ஒரு மடிக்கணினி, ஓரளவு இணையம், ஆறு வாரம் பொறுமை போதும். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மூர் மார்க்கெட்டில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வீட்டில் அம்மாவிடம் விளக்கும்போது இது உதவும்.

1. ஒரே ஒரு மீனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘சால்மன்’ என்று மொத்தமாகத் தொடங்காதீர்கள். எந்த இனம், எந்த ஆறு, எந்தப் பருவத்தில் ஏறும் கூட்டம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிவைத்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும். சினூக்கிலேயே வசந்தத்தில் ஏறுவது, கோடையில் ஏறுவது, இலையுதிர் காலத்தில் ஏறுவது என்று தனித்தனிக் கூட்டங்கள் உண்டு. வசந்தக் கூட்டத்தின் குஞ்சு ஒரு வருடம் ஆற்றிலேயே வளர்ந்து, ஒரு சாண்கூட இல்லாத நீளத்தில் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் கடலைத் தொடும். இலையுதிர் கூட்டத்தில் பெரும்பாலானவை பிறந்த சில மாதங்களிலேயே கிளம்பிவிடும், இன்னும் சின்ன உடம்போடு. இரண்டும் கடலுக்குள் நுழையும் மாதம் வேறு, தின்பது வேறு, அவற்றைத் தின்பதும் வேறு.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கொலம்பியாவின் வசந்தச் சினூக், இல்லையென்றால் ஆரிகன் கரையின் கோஹோ என்ற இன்னொரு சால்மன் இனம். இந்த இரண்டுக்கும்தான் நீண்ட காலத் தரவு இருக்கிறது.

2. வருடத்தைச் சரிசெய்யுங்கள்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான், அதனால் மெதுவாகப் படியுங்கள்.

மீன் அணையில் தெரியும் வருடம் வேறு, அதன் தலையெழுத்து எழுதப்பட்ட வருடம் வேறு. கடலில் சாகும் சால்மனில் பெரும்பங்கு நுழைந்த முதல் சில வாரங்களிலும் முதல் குளிர்காலத்திலும் செத்துவிடுகிறது என்பதுதான் பலரும் ஏற்கும் கருத்து. பீமிஷ், மான்கென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001-இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள்: முதலில் பறவைக்கும் பெரிய மீனுக்கும் இரையாவது, அதில் தப்பியவை கோடை முடிவதற்குள் போதுமான அளவு வளராவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டாது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது குஞ்சு கடலுக்குள் நுழைந்த வருடத்தின் கடலை.

வசந்தச் சினூக்கில் பெரும்பாலானவை இரண்டு வருடம் கழித்துத் திரும்பும், கொஞ்சம் மூன்று வருடம் கழித்து. ஒரே வருடத்தில் திரும்பிவரும் குட்டி ஆண்மீன்களுக்கு ‘ஜாக்’ என்று பெயர். ஆக, 1999-இல் கடலுக்குப் போன குஞ்சின் ஜாக் 2000-இலும், முதிர்ந்த மீன் 2001-இலும், மிச்சம் 2002-இலும் வரும். கோஹோ இன்னும் வேகம்: வசந்தத்தில் போனதின் ஜாக் அதே வருட இலையுதிர் காலத்திலும், முதிர்ந்தது அடுத்த வருட இலையுதிர் காலத்திலும் வந்துவிடும்.

இப்போது என் படத்துக்குத் திரும்புவோம். 2001-இன் வறட்சிக்கும் அந்த 4 லட்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மீன்கள் 1999-இல், பெரிய எல் நினோ (பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி சூடாகும் கட்டம்) முடிந்து லா நினா (அது குளிரும் கட்டம்) வந்து கடல் குளிர்ந்திருந்தபோது நுழைந்தவை. வறட்சியில் தவித்தது 2001-இல் கீழே இறங்கிய குஞ்சுகள். அவற்றின் கணக்கு 2003-இல்தான் தெரியவரும்.

அட்டவணையில் முதல் பத்தியாக ‘கடலுக்குள் நுழைந்த வருடம்’ என்று போடுங்கள். திரும்பிய வருடத்தை இரண்டாம் பத்தியில் தள்ளுங்கள். இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

3. ஆவணங்களும் செலவும்

செலவு பூஜ்யம். கீழே உள்ளவை எல்லாம் இலவசம், புள்ளியியல் கணக்குக்கான ஆர் மென்பொருளும் இலவசம்.

திரும்பிய மீன் எண்ணிக்கைக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் ‘டார்ட்’ தளம். பதிவு வேண்டாம். அணை, இனம், தேதி கொடுத்தால் நாள்வாரியாகத் தரும்.

தனித்தனி மீனின் பயணத்துக்கு ‘பிடாஜிஸ்’ தளம். இது பிட் குறி போட்ட மீன்களின் பதிவேடு. பிட் குறி என்பது அரிசிமணியைவிடச் சற்று நீளமான, 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குப்பி. பேட்டரி கிடையாது. குஞ்சின் வயிற்றில் வைத்து விடுவார்கள். அணையில் உள்ள ஆன்டெனாவைக் கடக்கும்போது தன் எண்ணைச் சொல்லும். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்தின் மீன்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் குறி போட்ட பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மரியாதை. பதில் வர எனக்கு 18 நாள் ஆனது, அதனால் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்.

கடலின் பெரிய ஆட்டத்துக்கு இரண்டு குறியீடுகள்: வட பசிபிக் வெப்பத்தின் நீண்டகால ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் பிடிஓ, எல் நினோ, லா நினாவைச் சொல்லும் ஓஎன்ஐ. உள்ளூர் வெப்பத்துக்கு, ஆரிகன் கரையில் உள்ள நியூபோர்ட் ஊருக்கு மேற்கே சுமார் 20 கடல் மைலில் மிதக்கும் 46050 எண் மிதவை. கடலின் சாப்பாட்டுத் தட்டுக்கு, அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவாவின் வடமேற்கு மீன்வள அறிவியல் மையம் வெளியிடும் பிளாங்க்டன் (நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்கள்) அட்டவணை.

இதில் மூன்று பொறிகள் உண்டு. மிதவைத் தரவில் வெப்பம் பதிவாகாத நேரத்தில் 999 என்று எழுதியிருக்கும். அது தெரியாமல் சராசரி எடுத்ததில் என் பசிபிக் கடல் ஒரு ஜனவரி மாதம் 140 டிகிரியில் கொதித்தது. அடுத்து, பிடிஓவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் உண்டு. எது என்று குறித்துவைத்து, நடுவில் மாற்றாதீர்கள். மூன்றாவது, ‘வசந்தச் சினூக்’ என்பதற்கே இரண்டு எல்லை: பான்வில் எண்ணிக்கையில் மே 31 வரை வந்தவை வசந்தக் கூட்டம், மீன்பிடி நிர்வாகக் கணக்கில் ஜூன் 15 வரை. இரண்டு அறிக்கை ஒத்துப்போகவில்லை என்று இரவெல்லாம் விழித்திருந்தவன் சொல்கிறேன், தப்பு உங்களுடையது அல்ல.

4. கடலை மேலிருந்து கீழே வாசியுங்கள்

பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள்.

முதலில் பிடிஓ. எதிர்மறையாக இருந்தால் அமெரிக்க மேற்குக்கரையோரம் கடல் குளிர்ச்சி, நேர்மறையாக இருந்தால் வெப்பம். ஓஎன்ஐ எல் நினோ, லா நினாவைச் சொல்லும். இவை இரண்டும் ஜாதகம் மாதிரி. பொதுப்பலன் சொல்லும், அவ்வளவுதான்.

அடுத்து காற்று. ஆரிகன் கரையில் வசந்தம் பிறந்து கோடை முழுவதும் வடக்கிலிருந்து காற்று வீசும். நம் மொழியில் வாடை. (நம்மூர் வாடை மார்கழிக் குளிரைக் கொண்டுவரும், அங்கே அது கோடைக் காற்று. பழகக் கொஞ்ச நாள் ஆகும்.) பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கம், அதாவது கரையை விட்டு மேற்கே விலகுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் எழுகிறது. இதுதான் மேலெழுச்சி. இந்த நீரில்தான் நுண்பாசி பூக்கும், அதைத் தின்ன மற்றவை வரும்.

எவ்வளவு வீசியது என்பதோடு எப்போது வீசத் தொடங்கியது என்பதையும் பாருங்கள். 2005 நல்ல பாடம். அந்த வருடம் ஜூலை நடுப்பகுதி வரை மேலெழுச்சி சரியாகத் தொடங்கவில்லை. குஞ்சுகளுக்கோ ஆறுதான் நாள்காட்டி; அவை வழக்கம்போல மே மாதமே பந்தியில் உட்கார்ந்துவிட்டன. சோறு வந்தபோது பாதிப் பந்தி காலி. தெற்கே கலிபோர்னியாவிலும் கடல் மோசம். 2005-இலும் 2006-இலும் கடலுக்குப் போன சாக்ரமென்டோ ஆற்றுச் சினூக் திரும்பாமல் போனதில், 2008-இலும் 2009-இலும் அங்கே கடல் சால்மன் மீன்பிடியை மூட வேண்டிவந்தது. வருடத் தொகையை மட்டும் எடுத்திருந்தால் இந்தத் தாமதம் கண்ணில் படாது. ஆகவே மாதவாரியாக எடுங்கள்.

பிறகு பிளாங்க்டன். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் சுவையான இடம் இதுதான். நியூபோர்ட் கரையிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு. அதில் 5 கடல் மைலில், சுமார் 60 மீட்டர் ஆழத்தில் ஒரு நிலையம். பில் பீட்டர்சன் என்ற கடலியலாளர் 1996-இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே வலை இறக்க வைத்தார். அவர் 2017-இல் இறந்த பிறகும் வலை இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வலையில் வந்ததை நுண்ணோக்கியில் ஒரு நாள் பார்க்கக் கிடைத்தது. ஃபார்மலின் நாற்றம் மூக்கில் ஏற, கண்ணாடித் தட்டில் அரைச் சீரகம் அளவில் ஒன்று கிடந்தது. கலானஸ் மார்ஷலே என்ற கோபிபாட், அதாவது இறால், நண்டு வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு உயிர்; வடக்குக் குளிர்நீர்க்காரி. உடம்பு கண்ணாடி போல. உள்ளே தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை ஒரு எண்ணெய்க் கோடு மினுங்கியது. குளிர்காலத்தை ஓட்டச் சேர்த்துவைத்த கொழுப்பு. பக்கத்தில் தெற்கிலிருந்து வரும் பாராகலானஸ் ஒன்று, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த எண்ணெய்க் கோடும் இல்லை. குளிர்ந்த வருடத்தில் கடற்கரை முழுக்க முதல் ரகம், வெப்பமான வருடத்தில் இரண்டாம் ரகம். ஒன்று நெய் ஊற்றிய பொங்கல், மற்றொன்று வடித்த கஞ்சி.

ஆனால் சால்மன் குஞ்சு கோபிபாட்டை அதிகம் தின்பதில்லை. இதைக் கவனிக்காமல் ‘குஞ்சு தின்னும் கோபிபாட்’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள், நான் எழுதினேன். குஞ்சு தின்பது சிறுமீன்களின் இளம் குஞ்சு, இறால் போன்ற கிரில், நண்டின் இளம்பருவம். அவைதான் கோபிபாட்டைத் தின்கின்றன. கொழுப்பு ஒரு படி தள்ளி வந்து சேர்கிறது.

தெற்கு ரகத்திலிருந்து வடக்கு ரகத்துக்கு மாறும் நாளை ‘உயிரியல் வசந்த மாற்றம்’ என்று குறிக்கிறார்கள். சீக்கிரம் மாறினால் நல்லது. 2015-இலும் 2016-இலும் அந்த மாற்றம் நடக்கவே இல்லை. 2013-இன் பிற்பகுதியில் அலாஸ்கா வளைகுடாவில் உருவான வெந்நீர்ப் பரப்பு, அப்போதைய வாஷிங்டன் மாநிலக் காலநிலையியலாளர் நிக் பாண்ட் ‘ப்ளாப்’ என்று பெயர் வைத்தது, கரைக்கு வந்து சேர்ந்திருந்த காலம். வெந்நீரில் குஞ்சுக்குப் பசி கூடும், கிடைப்பதோ சத்தில்லாத தீனி. ஹேக் போன்ற வேட்டை மீன்களும் வடக்கே ஏறிவரும். 2015-இல் நுழைந்தவை 2017-இல் திரும்பியபோது வசந்தச் சினூக் முன்கணிப்பைவிட வெகுவாகக் குறைந்தது. இந்த முறை நான் வருடத்தைச் சரியாகப் போட்டிருந்தேன்.

இத்தனையையும் சேர்த்து நோவா ஒரு சிவப்பு-மஞ்சள்-பச்சை அட்டவணை வெளியிடுகிறது, 1998-இலிருந்து. 2008 பச்சையாய்ப் பளிச்சிடும், 2005, 2015, 2016 சிவந்து கிடக்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டும்போது தேதி போடுங்கள். நிறங்கள் தரவரிசைப்படி, புது வருடம் சேரும்போது பழைய வருடத்தின் நிறமும் மாறக்கூடும்.

5. எங்கிருந்து எங்கே என்று சொல்லாத விகிதம் விகிதமல்ல

பிழைப்பு விகிதம் என்பது இறங்கிய குஞ்சில் எத்தனை பங்கு முதிர்ந்து திரும்பியது என்பது. கொலம்பியா படுகையில் வைத்திருக்கும் இலக்கு 2 முதல் 6 சதவீதம். கொலம்பியாவில் கலக்கும் ஸ்னேக் ஆற்றின் மீன்கள் பல வருடம் இதை எட்டுவதில்லை.

ஸ்னேக் ஆற்றுக் குஞ்சு கடலுக்கு வருமுன் எட்டு அணை தாண்டுகிறது. அவற்றில் முதலாவதான லோயர் கிரானைட் அணையில் 10,000 குஞ்சு இறங்கி, அங்கேயே 90 திரும்பியதாக வைத்துக்கொள்வோம், 0.9 சதவீதம். அதில் 6,000 குஞ்சுதான் கடைசி அணையான பான்வில்லை உயிரோடு தாண்டின என்றால், கடலின் பங்கைப் பார்க்க 6,000-ஆல் வகுக்க வேண்டும், மேலே பான்வில்லுக்குத் திரும்பியவற்றை வைக்க வேண்டும். ஆற்றில் செத்ததைக் கடலின் தலையில் கட்டக் கூடாது. அப்படியும் முகத்துவாரத்தில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் விழுங்கியவை உங்கள் ‘கடல்’ கணக்கில்தான் சேரும். அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

குஞ்சுகளில் ஒரு பகுதியைப் படகில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விடுவார்கள். அவற்றைத் தனியாகப் பிரியுங்கள். கடலுக்கே போகாமல் அதே வருடம் திரும்பி ஏறும் ‘மினி ஜாக்’ என்றொரு வகையும் உண்டு. அதை முதிர்ந்த மீனாக எண்ணி என் விகிதம் ஒரு வருடம் ஆகாயத்துக்குப் போனது. இறங்கிய தேதிக்கும் ஏறிய தேதிக்கும் இடையே ஒரு குளிர்காலமாவது இருக்கிறதா என்று வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

6. கோடு இழுக்கும் முன்

1998-இலிருந்து வருடத்துக்கு ஒன்றாக எண்ணினால் முப்பதுக்கும் குறைவான புள்ளிகள்தான். நோவா அட்டவணையின் பதினாறு குறிகாட்டியை அவற்றோடு மோதவிட்டால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே அழகாகப் பொருந்தும். அந்த அழகில் மயங்காதீர்கள். இரண்டோ மூன்றோ குறிகாட்டியைக் காரணத்தோடு முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, தேர்ந்த தேதியையும் எழுதிவையுங்கள். பிறகு 2014, 2015, 2016 மூன்றையும் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உறவு காணாமல் போனால் நீங்கள் கண்டுபிடித்தது கடலின் விதி அல்ல, ப்ளாப்பை.

காலம்: பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு கடல் மீன்பிடிப் பருவத்தை மார்ச், ஏப்ரல் கூட்டங்களில் முடிவுசெய்கிறது. அதையொட்டி வரும் முன்கணிப்பு அறிக்கைகளோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டுமானால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். ஜூனில் தொடங்கினால் எல்லோரும் கடலில் இருப்பார்கள், மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

7. கப்பல் ஏற ஆசை இருந்தால்

இளம் சால்மன் ஆய்வுப் பயணங்கள் மே, ஜூனில் நடக்கும். நியூபோர்ட்டைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட பெல் எம். ஷிமாடா போன்ற நோவா கப்பலில் இடம் கிடைத்தால் உடல்நலப் படிவம், காசநோய்ப் பரிசோதனைச் சான்று, வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டு விவரத்தோடு பாதுகாப்பு அனுமதி ஆகியவை வேண்டும். எல்லாவற்றையும் பல வாரம் முன்பே கொடுக்க வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்கள் மாட்டுவார்கள். பிறந்ததும் தோளில் பிசிஜி குத்தியிருப்பதால் தோல் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். எனக்குக் காட்டியது. எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைந்து முடிப்பதற்குள் படிவத்தின் கடைசித் தேதி போய்விட்டது. என் படுக்கை வேறொருவருக்கு. முதலிலேயே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிசிஜி அதைக் குழப்பாது. பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் காப்பீடு ஏற்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

மீனைக் கையால் தொடுவது இன்னும் பெரிய கதை. இந்தக் கூட்டங்களில் பல, அழியும் ஆபத்துள்ள உயிரினச் சட்டத்தின் கீழ் இருப்பதால் மத்திய அனுமதி, மாநில அனுமதி, பல்கலைக்கழக விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். தனியாக வாங்க முயலாதீர்கள். பேராசிரியரின் அனுமதியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால், சம்பளம் என்று எதையும் ஒப்புக்கொள்ளுமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

8. ஒரு நாள் பான்வில் போய்வாருங்கள்

போர்ட்லாந்திலிருந்து கிழக்கே சுமார் 40 மைல், நுழைவு இலவசம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் போனால் மீன் படிக்கட்டின் கண்ணாடிச் சன்னலில் வசந்தச் சினூக்கைப் பார்க்கலாம். பச்சைத் தண்ணீரில் நுரை ஓடும்; பத்து நிமிடம் ஒன்றும் வராது, பிறகு திடீரென்று முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்து சன்னலோடு ஒட்டி நிற்கும். வால் பக்கம் முதுகில் இருக்க வேண்டிய சின்னக் கொழுப்புத் துடுப்பு இல்லையென்றால் அது குஞ்சு பொரிப்பகத்து மீன், அடையாளத்துக்காக வெட்டிவிடுவார்கள். 56 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை ஜாக் என்று எண்ணுவார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் அரை மணி நேரம் நீங்களே எண்ணி, இரண்டு நாள் கழித்து டார்ட்டில் அன்றைய எண்ணோடு வைத்துப் பாருங்கள். நான் எண்ணிய அரை மணியில் முதிர்ந்தது 11, ஜாக் 2. பக்கத்தில் நின்ற சிறுமி 14 என்று அடம்பிடித்தாள்.